நகரும் கேட்குநர்: டாப்ளர் விளைவுக் கணக்குகளின் வரலாறும் தமிழ்த் தொடரமைப்பும்

1. முன்னுரை

ஓர் அறிவியல் கருத்து ஒரு மொழிக்குள் நுழையும்போது அதன் கலைச்சொற்கள் மட்டும் நுழைவதில்லை. அக்கருத்தை வரையறையாகவும் வினாவாகவும் கணக்காகவும் உரைப்பதற்குரிய தொடர்களும் உடன் நுழைகின்றன. கலைச்சொல்லாக்கம் பற்றித் தமிழில் நிகழ்ந்துள்ள ஆய்வுகளோடு ஒப்பிடும்போது, கணக்குத் தொடர்களின் அமைப்பின் மீது செலுத்தப்பட்ட கவனம் குறைவே. ஆயினும் மாணவர் ஒருவர் கணக்கில் தவறுவது பல வேளைகளில் கூட்டலிலோ பெருக்கலிலோ அன்று. தொடரைப் பொருள்கொள்ளும் இடத்திலேயே தவறு நேர்ந்துவிடுகிறது.

இதற்கு நல்ல சான்றாக அமைவது டாப்ளர் விளைவு. ஒலிமூலத்துக்கும் கேட்குநருக்கும் இடையே சார்பியக்கம் இருக்கும்போது கேட்கப்படும் அதிர்வெண் மாறுபடுகிறது என்பது பாடநூல்களில் பொதுவாகக் காணப்படும் வரையறையாகும். இவ்வரையறை பிழையானதன்று, ஆனால் குறைவுடையது. ஒலியைப் பொறுத்தவரை, யார் நகர்கிறார் என்பதும் ஒரு வினாவாகும். மூலம் நகர்வது வேறு. கேட்குநர் நகர்வது வேறு. இவ்வேறுபாடு வரலாற்றில் எவ்வாறு உணரப்பட்டது, எங்கு மறைந்தது, தமிழில் அதனை எத்தகைய சொற்களால் தெளிவுறுத்தலாம் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. கப்பலும் அலையும்

கிறிஸ்தியான் டாப்ளர் 1803-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். பிராகு நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1842 மே 25 அன்று அந்நகரின் அரச பொகீமிய அறிவியற் கழகத்தில் இரட்டை விண்மீன்களின் நிறம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். விண்மீன் நம்மை நெருங்கினால் அதன் ஒளி ஊதாவின் பக்கமும், விலகினால் சிவப்பின் பக்கமும் சாயும் என்பது அவர் கொள்கை. விண்மீன்களின் நிறங்களுக்கு இதுவே காரணம் என்று அவர் கருதியது நிலைபெறவில்லை. விண்மீனின் நிறம் பெரிதும் அதன் வெப்பநிலையைப் பொறுத்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் அதற்கு அவர் அடிப்படையாகக் கொண்ட அலைக்கணக்கு நிலைபெற்றது.

டாப்ளர் தம் கருத்தை விளக்கக் கையாண்ட உவமை இங்குக் கருதத்தக்கது. அலைகளை எதிர்த்துச் செல்லும் கப்பல், நிற்கும் கப்பலை விட ஒரே கால அளவில் மிகுதியான அலைகளைச் சந்திக்கிறது. அலைகளோடு ஒத்த திசையில் செல்லும் கப்பல் குறைவான அலைகளைச் சந்திக்கிறது. இவ்வுவமையில் நகர்வது அலையைத் தோற்றுவிப்பது அன்று, அலையை ஏற்பது. கடலின் அலைகள் இருந்தவாறே இருக்கின்றன. அவற்றின் முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு மாறவில்லை. கப்பல் அவற்றைச் சந்திக்கும் வீதம் மட்டுமே மாறுகிறது. நகரும் கேட்குநர் பற்றிய கணக்கு முழுவதும் இவ்வொரு கருத்தினுள் அடங்கிவிடுகிறது எனலாம்.

இதே வகைக் கணக்கு, பெயரின்றி, இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே செய்யப்பட்டுள்ளது. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ரோமர் 1676-இல் பாரிசில், வியாழனின் துணைக்கோளான அயோவின் கிரகணங்கள் காலந்தவறி நிகழ்வதற்கு ஒளியின் வேகம் எல்லையுடையதாக இருப்பதே காரணம் என அறிவித்தார். அயோ ஏறத்தாழ 42½ மணிக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றுகிறது. பூமி தன் பாதையில் வினாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பூமி வியாழனை விட்டு நேராக விலகும் நிலையில், ஒரு சுற்றுக்கு அடுத்த சுற்று ஏறத்தாழ 15 வினாடி தாமதமாகத் தென்படும். நெருங்கும் நிலையில் அதே அளவு முந்தும். இத்தாமதங்கள் பல சுற்றுகளில் ஒன்றுசேர்ந்து நிமிடங்களாகின்றன. பூமிப் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்பது ரோமர் கண்ட அளவு. இன்று அறியப்படும் அளவு ஏறத்தாழ 16 நிமிடம் 40 வினாடி. அயோவை ஒரு கடிகாரமாகவும், பூமியில் நிற்கும் நம்மை நகரும் நோக்குநராகவும் கொண்டால், இது டாப்ளர் விளைவே என்பது புலனாகும்.

3. இருப்புப்பாதையில் சோதனைகள்

டாப்ளரின் கொள்கையைச் சோதிக்கப் போதிய வேகம் வேண்டும். அவ்வேகத்தை அளித்தது அக்காலத்தில் புதிதாக வந்த தொடர்வண்டி. நெதர்லாந்தின் பைஸ் பாலட் 1845 பிப்ரவரியில் முயன்றபோது கடுங்குளிர்கால வானிலை இடையூறாயிற்று. பின்னர் 1845 சூன் மாதத்தில் உட்ரெக்டுக்கும் மார்செனுக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையில் அச்சோதனை நிறைவேறியது. எக்காளம் ஊதுவோர் வண்டியில் சென்றனர். பயிற்சி பெற்ற செவியுடைய இசைஞர்கள் பாதையோரம் நின்று சுரத்தை மதிப்பிட்டனர். அத்துடன் ஊதுவோரை நிறுத்திவிட்டு, கேட்போரை வண்டியில் செலுத்தியும் ஆராய்ந்தார். ஒலியைப் பொறுத்தவரை டாப்ளரின் கொள்கை உறுதிப்பட்டது. விண்மீன் நிறங்களுக்கு அதனைப் பொருத்துவதைப் பைஸ் பாலட் ஏற்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

அவருடைய இசைஞர்கள் இருவகை நகர்வையும் செவியால் பிரித்தறிந்திருக்க இயலுமா என்பதை நாம் கணக்கிட்டு அறியலாம். காற்றில் ஒலியின் வேகத்தை வினாடிக்கு 340 மீட்டர் எனவும், வண்டியின் வேகத்தை 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் எனவும் கொள்வோம். கேட்குநர் நெருங்கினால் அதிர்வெண் 1.0588 மடங்காகும், மூலம் நெருங்கினால் 1.0625 மடங்காகும். இரண்டும் ஏறத்தாழ ஓர் அரைச்சுர உயர்வு. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடோ அரைச்சுரத்தில் பதினேழில் ஒரு பங்கு அளவினதே. வண்டியின் வேகமும் காற்றின் நிலையும் சிறிது மாறினாலே மறைந்துபோகக்கூடிய வேறுபாடு இது. ஆகவே, விளைவு உண்டு என்பதைச் செவி காட்டிற்று. நகர்வது யார் என்பதால் வரும் நுண்வேறுபாட்டைக் கணக்கே காட்டவேண்டியிருந்தது.

1848-இல் பிரித்தானிய அறிவியல் கழகக் கூட்டத்தில் இசுக்காட்லாந்துப் பொறியாளர் சான் இசுக்காட் இரசல் அளித்த குறிப்பு நம் பொருளுக்கு மேலும் நெருக்கமானது. கேட்பவரின் விரைந்த இயக்கத்தால் ஒலியில் ஏற்படும் விளைவுகள் என்பதே அதன் தலைப்பு. இவரே 1834-இல் எடின்பரோவுக்கு அருகில் கால்வாயொன்றில் தனித்துச் சென்ற அலை ஒன்றைக் குதிரைமீதேறித் தொடர்ந்து சென்று ஆராய்ந்தவர். அலையோடு அலையின் வேகத்திலேயே செல்பவனுக்கு அவ்வலை அசையாது நிற்கும். அடுத்த முகடு அவனை வந்தடையாது. கேட்குநர் ஒலியின் வேகத்தில் மூலத்தை விட்டு விலகினால் அவர் பெறும் அதிர்வெண் சுழி என்று வாய்பாடு கூறுவதன் பொருள் இதுவே.

4. இரண்டு கணக்குகள்

வேறுபாட்டை எண்களால் காண்போம். 680 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய ஓர் ஊதல் அசையாக் காற்றில் நிலையாக இருந்து ஒலிக்கிறது. ஒலியின் வேகம் 340 மீட்டர். ஆகவே அலைநீளம் 0.5 மீட்டர். கேட்குநர் வினாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் ஊதலை நோக்கிச் செல்கிறார். அவர் நின்றிருந்தால் ஒரு வினாடியில் 680 அலைகள் அவரைக் கடந்திருக்கும். அவர் தாமும் 17 மீட்டர் முன்செல்வதால், அத்தொலைவில் அடங்கிய 34 அலைகளையும் கூடுதலாகச் சந்திக்கிறார். விடை 714 ஹெர்ட்ஸ். அவர் விலகிச் சென்றால் 34 அலைகள் குறைந்து 646 ஹெர்ட்ஸ் ஆகும். இங்கு அலைநீளம் எவ்விடத்தும் மாறவில்லை.

இனிக் கேட்குநர் நிற்க, ஊதல் அதே 17 மீட்டர் வேகத்தில் அவரை நோக்கி வருகிறது. இப்போது காற்றிலேயே அலைகள் நெருக்கப்படுகின்றன. ஒரு வினாடியில் வெளிப்படும் 680 அலைகள் 340 மீட்டரில் பரவாமல் 323 மீட்டரில் அடங்குகின்றன. அலைநீளம் 0.475 மீட்டர், விடை 715.8 ஹெர்ட்ஸ்.

மூன்றாவதாக, இருவரும் தலா 17 மீட்டர் வேகத்தில் ஒருவரை ஒருவர் நெருங்கினால் சார்பு வேகம் 34 மீட்டர், விடை 751.6 ஹெர்ட்ஸ். அதே 34 மீட்டர் வேகத்தைக் கேட்குநருக்கு மட்டும் அளித்தால் 748 ஹெர்ட்ஸ்; மூலத்துக்கு மட்டும் அளித்தால் 755.6 ஹெர்ட்ஸ். ஒரே சார்பு வேகம் மூன்று விடைகளைத் தருகிறது. சார்பியக்கம் என்னும் ஒரு சொல்லை மட்டும் நம்பிக் கணக்கிடும் மாணவர் இம்மூன்றில் எதனை எழுதுவது என அறியாது திகைப்பார். வேகம் மிகும்போது வேறுபாடு பெருகுகிறது. ஒலியின் வேகத்தில் கேட்குநர் நெருங்கினால் அதிர்வெண் இருமடங்காகும், அவ்வளவே; மூலம் அவ்வேகத்தில் நெருங்கினால் வாய்பாடு எல்லையின்றிப் பெருகி அங்குப் பயனற்றதாகிறது.

5. மறக்கப்பட்ட மூன்றாவது உறுப்பு

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஊடகம். மூலம், கேட்குநர் என்னும் இருவரோடு காற்று என்னும் மூன்றாவது உறுப்பும் கணக்கில் உண்டு. இம்மூன்றாவது உறுப்பைப் பற்றிய குழப்பமே 1852-இல் வியன்னாவில் எழுந்த விவாதத்திற்கு வழிவகுத்தது. கணித அறிஞர் யோசேப் பெட்சவால், ஊடகம் சீராக நகர்ந்தாலும் அதிர்வெண் மாறாது என்று நிறுவி, அதனால் டாப்ளரின் கொள்கை தவறு என வாதிட்டார். அவர் நிறுவியது உண்மை. அதிலிருந்து அவர் கொண்ட முடிவு தவறு. டாப்ளர் 1853 மார்ச்சில் வெனிசில் காலமானார். பெட்சவால் கூறியது ஊடகத்தின் நகர்வைப் பற்றியது, டாப்ளர் கூறியது மூலம் அல்லது கேட்குநரின் நகர்வைப் பற்றியது என்பதை எர்ன்ஸ்ட் மாக் பின்னர்த் தெளிவுபடுத்தினார். மாக் 1860-இல் அமைத்த கருவியில், சுழலும் நீண்ட குழாயின் முனையில் ஊதல் பொருத்தப்பட்டிருந்தது. சுழலும் தளத்தில் நின்று கேட்டால் சுரம் ஏறி இறங்கும். அச்சின் நேரே நின்று கேட்டால் மாறாது. நேர்கோட்டில் நெருங்குதலும் விலகுதலுமே அதிர்வெண்ணை மாற்றுகின்றன என்பதற்கு இது தெளிவான சான்றாயிற்று.

பெட்சவால் கண்ட உண்மை கணக்கில் பயன்படுவதே. மூலத்திலிருந்து கேட்குநரை நோக்கி 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தரையைப் பொறுத்து ஒலியின் வேகம் 350 மீட்டராகும். இருவரும் நின்றால் அலைநீளமும் அதே விகிதத்தில் நீளுவதால் 680 ஹெர்ட்ஸே கேட்கும். கேட்குநர் 17 மீட்டர் வேகத்தில் காற்றை எதிர்த்து மூலத்தை நோக்கிச் சென்றால் விடை 714 அன்று, ஏறத்தாழ 713 ஹெர்ட்ஸ்.

6. ஊடகம் நீங்கிய இடம்

ஒளியின் வரலாறு வேறு வழியில் சென்றது. பிரெஞ்சு இயற்பியலாளர் பிசோ 1848-இல், நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியை அளப்பதே தக்க வழி எனச் சுட்டினார். 1868-இல் வில்லியம் அக்கின்சு சிரியஸ் விண்மீனின் நீரியக் கோட்டை ஆராய்ந்து, அதன் இடப்பெயர்ச்சியிலிருந்து பூமியின் இயக்கத்தால் விளைந்த பகுதியைக் கழித்து, விண்மீனின் வேகத்தைக் கணக்கிட்டார். சிரியஸ் விலகுகிறது என்ற அவர் முடிவு இன்று ஏற்கப்படுவதில்லை; அது வினாடிக்கு ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது. ஆயின் நோக்குநரின் நகர்வை முதலில் நீக்கிக் கணக்கிடும் முறை நிலைபெற்றது.

1905-இல் ஐன்ஸ்டைன் தம் சார்பியல் கட்டுரையில் டாப்ளர் விளைவை நகரும் நோக்குநரை வைத்தே வருவித்தார். வெற்றிடத்தில் செல்லும் ஒளிக்கு ஊடகம் இல்லை. ஆகவே நகர்வது யார் என்னும் வினாவே பொருளற்றதாகிறது. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நெருங்கினால், ஒலிக்குரிய முறைப்படி நோக்குநர் நகர்ந்தால் 1.1 மடங்கு, மூலம் நகர்ந்தால் 1.111 மடங்கு எனக் கிடைக்கும். சார்பியல் தரும் 1.1055 இவ்விரண்டின் பெருக்குச் சராசரியாகும். 1938-இல் ஐவ்சும் இசுடில்வெல்லும் செய்த சோதனை இதனை உறுதிப்படுத்தியது. சார்பியக்கம் என்னும் வரையறை ஒளிக்கு முழுமையாகப் பொருந்துவதும், ஒலிக்குப் பாதியளவே பொருந்துவதும் இதனால் விளங்கும்.

7. தமிழில் கணக்கின் சொற்கள்

இனி மொழிக்கு வருவோம். முதலாவது, நகர்பவரின் பெயர். உற்றுநோக்குபவர், நோக்குநர், காண்பவர், கேட்பவர், கேட்குநர் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. பிறமொழிகள் பலவற்றில் காணுதற்குரிய ஒரே சொல் ஒலிக்கும் ஒளிக்கும் வழங்க, தமிழ் கேட்குநர், நோக்குநர் எனப் பிரித்துரைக்க வசதி தருகிறது. மேலே கண்டவாறு ஒலிக்கணக்கும் ஒளிக்கணக்கும் இயல்பிலேயே வேறுபடுவதால் இப்பிரிவு பயனுடையது. கேட்குநர் எனில் ஊடகம் உண்டு. நோக்குநர் எனில் இல்லை என மாணவர் நினைவில் கொள்ளலாம்.

இரண்டாவது, தோற்ற அதிர்வெண் என்னும் தொடர். இதில் இரு இடர்கள் உள்ளன. தோற்றம் என்பது பொய்த்தோற்றத்தையும் குறிக்கும். ஆனால் நகரும் கேட்குநர் பெறுவது பொய்யன்று. அவர் கையில் உள்ள கருவியும் 714 என்றே பதிவுசெய்யும். மேலும் தோற்றம் என்பது பிறப்பையும் மூலத்தையும் குறிக்கும் சொல்லாதலால், தோற்ற அதிர்வெண் என்பதை மூலத்தில் தோன்றிய அதிர்வெண் என, அதாவது கருதிய பொருளுக்கு நேர்மாறாகவும், கொள்ள இடமுண்டு. வெளிவிடும் அதிர்வெண், பெறும் அதிர்வெண் என எதிரிணையாக வழங்கின் இவ்விடர் நீங்கும்.

மூன்றாவது, வினைச்சொற்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் தரு, வரு என்பன தன்மை முன்னிலைகளுக்கும், செல், கொடு என்பன படர்க்கைக்கும் உரியன என வரையறுக்கிறது. வருதல் என்னும் வினை பேசுவோனையோ கேட்போனையோ மையமாகக் கொண்டே பொருள் தருகிறது. ஊதல் வருகிறது என்றால் நாம் கேட்குநரின் இடத்தில் நின்று பேசுகிறோம். ஆயின் டாப்ளர் கணக்கின் மையம் கேட்குநரும் அல்லர், மூலமும் அன்று; அசையாக் காற்றே. நெருங்கு, விலகு என்னும் வினைகளோ இருதலையும் ஒத்தவை. எது நகர்கிறது என்பதைத் தாமே காட்டமாட்டா. ஆகவே கணக்கின் எழுவாயை வெளிப்படக் கூறுதல் இன்றியமையாதது. ஓடும் வண்டியில் இருப்பவர் கேட்கும் ஊதல் என்னும் தொடரில் ஊதல் வண்டியினுடையதா நிலையத்தினுடையதா என்பது விளங்கவில்லை. வண்டியினுடையதாயின் மூலமும் கேட்குநரும் உடன் நகர்வதால் அவர் பெறும் அதிர்வெண் மாறாது, நிலையத்தினுடையதாயின் மாறும். ஒரு வேற்றுமையுருபு விடுபட்டால் விடையே மாறுகிறது.

8. கணக்கிடும் ஒழுங்கு

கூட்டல் கழித்தல் குறிகள் நிறைந்த வாய்பாட்டை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, வரலாறு காட்டும் ஒழுங்கைப் பின்பற்றலாம். முதலில் காற்றைப் பொறுத்து மூலத்தின் வேகத்தையும் கேட்குநரின் வேகத்தையும் தனித்தனியே எழுதுதல் வேண்டும். அடுத்து, இருவரையும் இணைக்கும் கோட்டின் வழியே அமைந்த கூறுகளை மட்டும் கொள்ளவேண்டும். மூலத்துக்கு ஒலி புறப்பட்ட கணத்திலும், கேட்குநருக்கு ஒலி வந்தடைந்த கணத்திலும் உள்ள கூறுகளே உரியன. மூன்றாவதாக, மூலத்தின் நகர்வைக் கொண்டு அலைநீளத்தைக் காணவேண்டும். இறுதியாக, கேட்குநர் அவ்வலைகளை ஒரு வினாடியில் எத்தனை சந்திக்கிறார் எனக் காணவேண்டும். மூலம் அலைநீளத்தை மாற்றும். கேட்குநர் சந்திக்கும் வீதத்தை மாற்றுவார். குறிகள் தாமே வந்தமையும்.

எதிரொலிக் கணக்குகளுக்கும் இதுவே வழி. இரத்த ஓட்டத்தை மீயொலியால் அறியும் முறையை 1950-களில் சப்பானின் ஓசாக்காவில் ஷிகியோ சத்தோமுரா உருவாக்கினார். அதில் இரத்த அணு முதலில் நகரும் கேட்குநராக அலையைப் பெறுகிறது. பின்னர் நகரும் மூலமாக அதனைத் திருப்புகிறது. ஆகவே மாற்றம் ஏறத்தாழ இருமடங்காகும். திசுவில் ஒலியின் வேகம் 1540 மீட்டர், அலையின் அதிர்வெண் 50 இலட்சம் ஹெர்ட்ஸ், இரத்தத்தின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் எனின், இரத்தம் அலையின் திசைக்கு நேரே ஓடும்போது மாற்றம் ஏறத்தாழ 3250 ஹெர்ட்ஸ். செவிக்குக் கேட்கும் எல்லைக்குள் அமைவது. டாப்ளர் ஸ்கேன் என்னும் தொடர் இன்று மருத்துவமனைக்குச் செல்லும் எளிய மக்களின் பேச்சிலும் இடம்பெற்றுவிட்டது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால், டாப்ளர் விளைவின் வரலாறு நகர்வது எது, எதைப் பொறுத்து நகர்கிறது என்னும் இரு வினாக்களைத் தெளிவுபடுத்திய வரலாறு என்பது பெறப்படும். பெட்சவால் போன்ற பேரறிஞரும் இவ்வினாக்களில் இடறியுள்ளார். எனின், பள்ளி மாணவர் இடறுவது வியப்பன்று. தாய்மொழி வழிக் கல்வியில் ஒரு கணக்கை எழுதுபவர் அதன் எண்களைச் சரிபார்ப்பது போலவே அதன் எழுவாயையும் உருபுகளையும் சரிபார்த்தல் வேண்டும். தமிழில் அதற்கு வேண்டிய வளம் இல்லாமலில்லை. கேட்குநர், பெறும் அதிர்வெண், காற்றைப் பொறுத்து என்னும் மூன்றையும் ஒரே நெறியில் வழங்கினால், தமிழ்வழி பயிலும் மாணவர் குறிகளை மனப்பாடம் செய்யாமலே, அலைகளை எண்ணி விடை காணும் நிலை உருவாகும்.